சிவப்பு விளக்கை அலட்சியப்படுத்தாதீர்!

லீவு நாளில், என் கணவர் வீட்டு வாசலிலேயே காருக்கு பிரேக் பேடு மாற்றினார். ஸ்டார்ட் செய்ததும், மீட்டரில் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. 'ஓடினா அணைஞ்சிடும்' என்றார். 'பிள்ளைங்களை வச்சுக்கிட்டு கடலூர் ரோட்டுல போகணுமா?' எனத் தடுத்து, மெக்கானிக்கை வரவழைத்தேன்.

ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கித்தான் இருந்தது. பானெட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் 'மினிமம்' கோட்டுக்குக் கீழே! ஒரு சக்கரத்தில், காற்று எடுக்கும் திருகு சரியாக இறுகாமல், ஆயில் கசிந்திருந்தது. அதை முறுக்கி, மூடியில் குறித்திருந்த அதே ரக ஆயிலை ஊற்றி, காற்றை எடுத்ததும் விளக்கு அணைந்தது.

'ஏ.பி.எஸ்.' மஞ்சள் விளக்கு எரிந்தால், சக்கரத்தருகே சென்சார் ஒயர் கழன்றிருக்கலாமாம். பேடு மாற்றினால், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டுமாம்.

சகோதரிகளே... சிவப்பு விளக்கு அணையாவிட்டால், வண்டியை எடுக்க விடாதீர்கள்!

– வாசகி, தவளக்குப்பம், புதுச்சேரி.