சிகரெட்டை விட்டவருக்குத் தாங்கியும் சுருளும்

சிகரெட்டுப் பழக்கத்தை விட முயல்வோர் பலர் சில நாட்களிலேயே மீண்டும் அதனிடம் சென்றுவிடுகின்றனர். அவர்களுக்கு மனவுறுதி போதாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் தம்பியின் அநுபவம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

1995 ஆம் ஆண்டு இலண்டனுக்குக் குடிபெயர்ந்த அவன், நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டுப் புகைத்து வந்தான். 2021 ஆம் ஆண்டு, மின்சிகரெட்டின் துணைகொண்டு அதனை விட்டுவிடத் துணிந்தான். கடைக்காரர் ஒருவர் பெரிய கருவியொன்றை அவனிடம் விற்றார். அதனை இழுத்தால் அறை முழுவதும் மேகம் கவிந்ததுபோல் ஆவி பரவும். ஆயினும் அவனுடைய தவிப்பு அடங்கவில்லை. பத்தாம் நாள் பழையபடி சிகரெட்டை வாங்கினான். சில மாதங்களின் பின், புகைத்தலை விடுவோர்க்கு உதவும் நிலையமொன்றுக்குச் சென்றான். அங்கிருந்த ஆலோசகர் கருவியைப் பார்த்துவிட்டு, குற்றம் அவனுடையதன்று, கருவியின் சுருள் அவனுக்கு ஏற்றதன்று என்று கூறி, வேறொன்றைத் தெரிந்து கொடுத்தார். அன்று விட்ட சிகரெட்டை அவன் இன்றுவரை தொடவில்லை.

அந்தச் சுருள் யாது? அது ஏன் ஒருவருக்குப் பொருந்தும், மற்றொருவருக்குப் பொருந்தாது? இவற்றை அறிவதற்கு முன் அடிப்படையான உண்மையொன்றை உணர வேண்டும். சிகரெட்டுக்கு ஒருவரை அடிமையாக்குவது நிக்கொற்றீன். ஆனால் அவருடைய நுரையீரலையும் இருதயத்தையும் கெடுப்பன பெரும்பாலும் புகையிலை எரியும்போது பிறக்கும் தாரும், காபனோரொட்சைட்டும், அவைபோன்ற பிற நச்சுக்களுமே. எரித்தல் இன்றி நிக்கொற்றீனைக் கொடுத்தால் தவிப்பும் தணியும், கேடும் பெரிதும் குறையும். இதுவே மின்சிகரெட்டின் தத்துவம். சீன தேசத்து மருந்தாளரான ஹொன் லிக் என்பவர் 2003 ஆம் ஆண்டு இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கினார். பிரித்தானியாவில் 886 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்றில், நிரப்பிப் பாவிக்கும் மின்சிகரெட்டைப் பெற்றவர்களுள் 18 வீதமானோர் ஓராண்டின் பின்னும் சிகரெட்டின்றி இருந்தனர். நிக்கொற்றீன் ஒட்டுத்தாள், மெல்லும் கோந்து முதலியவற்றைப் பெற்றவர்களுள் அவ்வாறு இருந்தோர் 9.9 வீதத்தினரே.

கருவியின் அமைப்பை விளங்கிக்கொள்ள நம் வீட்டு விளக்கை நினைத்தாற் போதும். விளக்கின் தகழியில் எண்ணெய் இருக்கிறது. திரி அதனை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. மின்சிகரெட்டிலே தகழியின் இடத்தில் இருப்பது தாங்கி. திரியின் இடத்தில் இருப்பது பஞ்சு. பஞ்சைத் தழுவியவாறு சிறு கம்பிச் சுருள் ஒன்று அமைந்திருக்கும். மின்கலத்திலிருந்து வரும் மின் அச்சுருளைச் சூடாக்க, பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகிறது. தீச்சுடர் மட்டும் இங்கே இல்லை.

சுருள்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. அவற்றின் தடை ஓம் என்னும் அலகினால் அளக்கப்படும். தடை குறையக் குறைய மின் மிகுதியாகப் பாயும். வெப்பமும் ஆவியும் பெருகும். 3.7 உவோற்று மின்கலத்தோடு நேரே இணைத்தால், 1.2 ஓம் சுருள் ஏறத்தாழ 11 உவாற்று வலுவைப் பெறும், 0.2 ஓம் சுருளோ 68 உவாற்று வலுவைப் பெறும். முன்னது சிகரெட்டை இழுப்பதுபோல் வாயில் நிறுத்திப் பின் உள்வாங்குவதற்கு உரியது. பின்னது நேரே நெஞ்சுக்குள் நிறைய இழுப்பதற்கு உரியது. நெடுநாள் சிகரெட்டுப் புகைத்தவருக்குப் பழகிய இழுப்பு முன்னதே. ஆதலால் புதிதாக விட்டவர் 1 ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட சுருளைத் தெரிவதே நன்று.

திரவமும் சுருளுக்கு இசைய வேண்டும். புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரீனும் சமபங்காகக் கலந்த திரவம் நெகிழ்வானது. உயர்தடைச் சுருளின் சிறு துவாரங்களிற் செவ்வனே ஊறும். கிளிசரீன் மிகுந்தது தடிப்பானது. பெரிய சுருளுக்கே ஏற்றது. நிக்கொற்றீனின் அளவிலேதான் என் தம்பி இடறினான். பெரிய கருவியில் ஆவி மிகுதியாதலால், தொண்டை எரியாதிருக்க மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம் உள்ள திரவத்தை அவனுக்குக் கொடுத்திருந்தனர். பெட்டிக்கணக்கிற் புகைத்தவனுக்கு அது போதவில்லை. பின்னர் கிடைத்த சிறு கருவியில் 18 மில்லிகிராம் திரவத்தைப் பாவித்தான், தவிப்பு அடங்கியது. பிரித்தானியச் சட்டப்படி 20 மில்லிகிராமே உச்ச வரம்பு.

தாங்கியின் கொள்ளளவுக்கும் அங்கே வரம்புண்டு. அது 2 மில்லிலீற்றர். எனவே அளவை நோக்காது, மேற்புறமாக நிரப்பக்கூடியதா, காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கலாமா, சுருளைத் தனியே மாற்றலாமா என்பவற்றையே நோக்க வேண்டும்.

புதிய சுருளை இட்டவுடன் இழுத்தலாகாது. பஞ்சிற் சில துளி திரவம் விட்டு, தாங்கியை நிரப்பி, பத்து நிமிடமேனும் ஊறவிட வேண்டும். உலர்ந்த திரி கருகுவதுபோல் உலர்ந்த பஞ்சும் கருகும். அந்தக் கருகல் நாற்றம் வந்தபின் சுருளை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. சுருளிற் பொறித்துள்ள உவாற்று எல்லையின் கீழ்ப்படியிலிருந்து தொடங்குதல் நலம். இனிப்பு மிகுந்த திரவம் சுருளில் விரைவிற் படியும். பாவனைக்கேற்ப ஒன்று முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுருளை மாற்ற நேரிடும். நிக்கொற்றீன் திரவம் நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டி வைக்க வேண்டும்.

இறுதியாக, ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுதல் என் கடன். இக்கருவி, கிணற்றில் விழுந்தவனுக்கு எறியப்படும் கயிறு போன்றது. கரையில் நிற்பவனுக்கு அது வேண்டியதில்லை. சிகரெட்டைத் தொடாத இளைஞர் இதனையும் தொடலாகாது. இலங்கைச் சட்டம் இதன் விற்பனைக்கு இடந்தரவில்லை. ஆதலால் இங்குள்ளோர் வைத்தியரிடமே துணை நாட வேண்டும். பிற நாடுகளிற் பாவிப்போரும், சிகரெட்டை முற்றாக விட்டாலன்றி இதனாற் பயன் பெறார். பின்னர் நிக்கொற்றீனைப் படிப்படியாகக் குறைத்து, மெல்ல இதனையும் விட வேண்டும். அவசரப்பட்டுக் குறைத்துச் சிகரெட்டுக்கு மீளலாகாது. தம்பி இப்பொழுது 6 மில்லிகிராமில் நிற்கிறான். முன்னெல்லாம் தொலைபேசியில் அவன் குரலுக்கு முன்னே இருமல் வரும். இப்பொழுது குரல் மட்டுமே வருகிறது.