இந்த வருஷம் லீடர் யார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புத்தகம், சீருடை, பஸ் பாஸ் என்று ஒரு பரபரப்பு இருக்கும். அது அடங்குவதற்குள் வகுப்பறையில் ஒரு கேள்வி எழும்: இந்த வருஷம் லீடர் யார்? ஆசிரியர் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். முன் பெஞ்சில் நன்றாகப் படிக்கும், நன்றாக உடுத்தியிருக்கும் ஒரு பிள்ளையைக் கை காட்டுவார். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஆனால் அந்தப் பார்வை எந்தப் பெஞ்சு வரை போகிறது என்று கேட்டாக வேண்டும்.

சேந்தமங்கலம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. காரவள்ளி வரை சமவெளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மலைமேல் மலையாளி பழங்குடி மக்கள்; கீழே அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினரும் மற்ற சாதியினரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாமக்கல் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 20 சதவீதம், பழங்குடியினர் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். தமிழகத்தின் 234 சட்டப்பேரவைத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். பெரியவர்களின் தலைமைக்குச் சட்டம் இப்படி ஓர் இடம் வைத்திருக்கிறது. வகுப்புத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கேட்கவில்லை. எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் ஒரு முறைதான் வேண்டும்.

அப்படி ஒரு முறைக்கான வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' தொடங்கப்பட்டது. மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று 5 குழுக்களாகப் பிரிகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பாசிரியரும் மாணவர் தலைவரும் உண்டு. கொல்லிமலையில் பிறந்த பிள்ளை மருதத்தில் இருக்கலாம். அடிவாரத்து வயற்காட்டு வீட்டுப் பிள்ளை குறிஞ்சிக்குப் போகலாம். தமிழ்ப் பாடத்தில் படித்த ஐந்திணை இப்படிக் கலந்து நிற்பது நல்ல காட்சிதான்.

ஆனால் பிரிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. பஸ் வசதிக்காக ஊர் வாரியாகப் பிரித்துவிட்டால் கதை பழையபடி ஆகிவிடும். நம் ஊர்களில் 'எந்த ஊர்' என்ற கேள்விக்கு அடுத்து 'எந்தத் தெரு' என்று ஏன் கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சீட்டுக் குலுக்கிப் போட்டால் தெரு தெரியாது. குழுக்களைக் குலுக்கலில் பிரித்து, தலைவரை ரகசிய வாக்கில் தேர்ந்தெடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி, தேர்வானவருக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

லீடர் என்றால் நம் பள்ளிகளில் என்ன வேலை? ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. அது தலைமை அல்ல, உளவு வேலை. அடுத்தது சாக்பீஸ் எடுத்து வருவது, நோட்டு அடுக்கிக் கொண்டு போய் வைப்பது. இன்னொன்று, உதவித்தொகைப் படிவம் வந்ததும் 'எஸ்.சி., எஸ்.டி. பசங்க எழுந்திருங்க' என்று கணக்கெடுப்பது. எழுந்து நின்ற பிள்ளையை நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும் அந்த நொடிக்கு எந்த உதவித்தொகையும் ஈடாகாது. இந்த வேலையை ஒரு மாணவர் கையில் கொடுப்பது, எழுந்து நிற்கிறவருக்கும் அவமானம், கணக்கெடுக்கிறவருக்கும் தவறான பயிற்சி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த 12-ம் வகுப்பு மாணவர் ஒருவரை, அவர் பள்ளியிலேயே படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கையில் சாதி அடையாளக் கயிறு கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. மாணவர் தலைமையைப் பற்றிப் பேசும்போது கவனிக்க வேண்டியது வேறொன்று: எல்லாச் சமூகப் பிள்ளைகளையும் சேர்த்து 'சமூக நீதி மாணவர் படை' அமைக்கச் சொல்கிறது அறிக்கை. சாதிச் சண்டையைத் தடுக்கும் பொறுப்பில் மாணவர்களுக்கும் பங்கு கொடுக்கும் யோசனை இது. கயிற்றைக் கழற்றச் சொல்ல ஆசிரியர் போதும். கயிறு கட்டியவனிடம் 'எதுக்குடா இது' என்று தோளில் கை போட்டுக் கேட்க இன்னொரு மாணவனால்தான் முடியும்.

பொறுப்பு என்ற சொல்லையே நம் பள்ளிகளில் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிலருக்கு மைக், சிலருக்குத் துடைப்பம். பக்கத்து ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறை அருகே பாலக்கரை அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை 2022-ல் கைதானது பலருக்கு நினைவிருக்கும். வகுப்பறையைக் கூட்டுவதில் கேவலம் இல்லை. எல்லோரும் முறை வைத்துக் கூட்டினால் அது நல்ல பழக்கம். ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் கூட்டினால் அது குற்றம்.

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்தபோது, கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டார். மற்ற மாணவர்கள் ஓடிப்போய், பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். நூறு ஆண்டுக்கும் முந்தைய கதை. 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதிப் பெண் ஊராட்சித் தலைவரைத் தேசியக் கொடி ஏற்றவிடவில்லை. செய்தி வெளியானதும் சில நாட்களில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார். அவரைத் தடுக்கத் தோன்றியவர்களும் ஒரு காலத்தில் பள்ளிக் கொடிக்கம்பத்தின் முன் வரிசையில் நின்றவர்கள்தான். தலித் பிள்ளை ஒன்று கொடி வணக்கத்துக்கு உத்தரவு கொடுத்து, தாங்கள் அதற்கு 'சல்யூட்' அடித்துப் பழகியிருந்தால் அன்றைக்கு அவர்களுக்குக் கை நீண்டிருக்குமா?

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. அதை யாரும் தடையாகவே எண்ணுவதில்லை: நேரம். காலை வணக்கக் கூட்டத்துக்கு அரை மணி முன்பே தலைவர் வந்துவிட வேண்டும் என்று விதி வைத்தால், பஸ்ஸை நம்பி வரும் பிள்ளை தானாகவே கழிந்துவிடும். மாலையில் கூட்டம் வைத்தாலும் அதே கதி. உணவு இடைவேளையில் கூட்டம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கொல்லிமலையில் பட்டக்காரர், ஊர்க் கவுண்டர் என்று தலைமை வீட்டு வழியாக வந்த வழக்கம் உண்டு. அந்த வீடுகளில் பிறக்காத பிள்ளைக்கும், குறிப்பாகப் பெண் பிள்ளைக்கும், 'தலைவர்' என்ற சொல் தன் பெயரோடு சேர்ந்து முதன்முதலில் காதில் விழும் இடம் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும்.

உண்மையான வேலை அதிகம் இருக்கிறது. மூன்று நாளாக வராத பிள்ளை யார் என்று வகுப்பு ஆசிரியரைவிட முதலில் அறிவது வகுப்புத் தலைவர். அந்தப் பிள்ளை மிளகு பறிக்கப் போயிருக்கலாம், செங்கல் சூளைக்குப் போயிருக்கலாம், பத்தாம் வகுப்புப் பெண்ணாக இருந்தால் வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். அதை உரிய நேரத்தில் ஆசிரியர் காதில் போடுவதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் எல்லோருக்கும் மனப்பாடமாக்குவதும் தலைவரின் வேலை. 'மாணவர் மனசு' பெட்டி எட்டாத உயரத்தில், தலைமை ஆசிரியர் அறை வாசலில் தொங்கினால் அதை இடம் மாற்றச் சொல்வதும் அவர் வேலைதான். தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடும் கூட்டம் என்று நினைத்து நம் தாய்மார்கள் பலர் போவதில்லை. போனாலும் கடைசி வரிசை. அடுத்த கூட்டத்தில் முன் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள்: கடந்த மூன்று வருடங்களில் இந்தப் பள்ளியில் மாணவர் தலைவராக இருந்தவர்கள் யார் யார்? அவர்கள் எப்படித் தேர்வானார்கள்? இந்த வாரம் வகுப்பறை கூட்டும் முறை யாருக்கு? பதிலைக் கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.