சுருதி பார்க்கும் கருவி: தலையில் மாட்டுவதா? காலால் மிதிப்பதா?

கிட்டார் வாங்குவோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

1971-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். "மாடிசன் ஸ்கொயர் கார்டன்" என்ற பிரமாண்டமான அரங்கம். வங்காளதேச அகதிகளுக்கு உதவி நிதி திரட்ட ஒரு கச்சேரி. "பீட்டில்ஸ்" குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்தது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூடி இருந்தார்கள்.

மேடையில் சிதார் மேதை ரவிசங்கர் அமர்ந்தார். அருகில் சரோட் மேதை அலி அக்பர் கான். தபேலாவுடன் அல்லா ரக்கா.

தந்திகளை மீட்டினார்கள். முறுக்கினார்கள். மறுபடியும் மீட்டினார்கள். சற்று நேரம் கழித்து நிறுத்தினார்கள்.

உடனே அரங்கமே அதிரும்படி கைதட்டல்!

ரவிசங்கர் சிரித்துவிட்டார். அவர்கள் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லை. சுருதிதான் சேர்த்தார்கள்! "சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால், வாசிப்பு இன்னும் பிடிக்கும்" என்ற பொருள்பட அவர் வேடிக்கையாகப் பேசினார்.

ரவிசங்கருக்கு அப்படிக் கைதட்டல் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்குமா?

கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரியில் கிட்டார் வாசிக்கும் பையன், பாட்டுக்குப் பாட்டு "டொய்ங்... டொய்ங்..." என்று முறுக்கிக்கொண்டு இருந்தால் ஜனங்கள் கைதட்ட மாட்டார்கள். எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள்!

அதற்காகச் சுருதி சேர்க்காமல் வாசிக்கவும் முடியாது. பாட்டு ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் போகும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்தவைதான் "டியூனர்" என்னும் சுருதி பார்க்கும் கருவிகள். இவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, கிட்டாரின் தலையில் கவ்வி நிற்கும் "கிளிப்". மற்றொன்று, தரையில் கிடக்கும் "பெடல்". காலால் மிதிக்க வேண்டியது.

எதை வாங்குவது? பார்ப்போம்.

இசைக்கவை முதல் மின்சாரம் வரை

சுருதி பார்க்கும் ஆசை இன்று நேற்று வந்தது அல்ல. 1711-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் ஷோர் என்ற இசைக் கலைஞர் "இசைக்கவை"யைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடத்தில் பார்த்திருப்பீர்களே, இரண்டு கால் உள்ள இரும்புக் கவை. அதுதான்! தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும்.

ஆனால் ஊருக்கு ஊர் சுருதி மாறியது. 1939-ம் ஆண்டு லண்டனில் ஒரு மாநாடு கூடியது. "ஏ" என்ற சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்று முடிவு செய்தார்கள். இன்றைய டியூனர்களில் "440" என்ற எண் தெரிகிறதே, அது இதுதான்.

1975-ல் ஜப்பானைச் சேர்ந்த "கோர்க்" கம்பெனி, கையில் எடுத்துச் செல்லக்கூடிய மின்சார டியூனரை வெளியிட்டது. 1998-ல் "பாஸ்" என்ற ஜப்பானியக் கம்பெனியின் பெடல் டியூனர் வந்தது. மேடைக் கலைஞர்களிடையே அது வேகமாகப் பரவியது.

அடுப்படி லைட்டரும் கிளிப்பும்!

கிளிப் டியூனர் எப்படி வேலை செய்கிறது?

துணி காயப்போடும் கிளிப் போன்றே இதற்கும் வாய் உண்டு. கிட்டாரின் தலைப்பகுதியைக் கவ்விக்கொள்ளும். தந்தியை மீட்டினால் மரம் அதிரும். அந்த அதிர்ச்சி கிளிப்பின் உள்ளே உள்ள சிறு வில்லையில் படும். வில்லை அழுந்தினால் துளி மின்சாரம் பிறக்கும். அதைக் கணக்கிட்டு, என்ன சுரம் என்று கருவி காட்டிவிடும்.

அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் இந்த அதிசயத்தை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? பிரான்சு நாட்டைச் சேர்ந்த கியூரி சகோதரர்கள். அவர்களில் ஒருவரான பியரி கியூரி, பிற்காலத்தில் மேடம் கியூரியின் கணவர் ஆனவர்!

இல்லத்தரசிகள் அடுப்புப் பற்றவைக்க "டிக்" என்று அழுத்துகிறார்களே, அந்த கேஸ் லைட்டரிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது.

கிளிப்பின் பெரிய வசதி, அதற்கு ஒயர் தேவை இல்லை. சாதாரண மர கிட்டார், எலக்ட்ரிக் கிட்டார், உக்குலேலே எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். காற்றில் வரும் சத்தத்தை அது கேட்பது இல்லை. மரத்தின் அதிர்வைத்தான் பார்க்கிறது. ஆகவே பக்கத்தில் நாலு பேர் பேசினாலும் குழம்பாது. விலையும் குறைவு. சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது.

பெடல் செய்யும் மாயம்

பெடல் டியூனர் அப்படி அல்ல. அது ஒயர் வழியாக வரும் மின்சாரத்தைப் பார்க்கிறது. கிட்டாரில் இருந்து ஒரு ஒயர் பெடலுக்கு வரும். பெடலில் இருந்து மற்றொரு ஒயர் ஆம்பிளிபயருக்குப் போகும்.

காலால் ஒரு மிதி. அவ்வளவுதான்! ஒலிபெருக்கியில் கிட்டார் சத்தம் நின்றுவிடும். கலைஞர் ஓசைப்படாமல் சுருதி சேர்ப்பார். பெரிய விளக்குகள் தரையில் இருந்து பளிச்சென்று வழி காட்டும். இன்னொரு மிதி. மறுபடி சத்தம் வந்துவிடும். அரங்கில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது!

இதுதான் பெடலின் உயர்வு. பாடகர் அடுத்த பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

குறையும் உண்டு. ஒயர் செருக முடியாத கிட்டாருக்குப் பெடல் பயன்படாது. 9 வோல்ட் மின்சாரம் வேண்டும். விலையும் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

வேறு பெடல்களும் வைத்திருப்பவர்கள், டியூனரை முதலாவதாக வைப்பது நல்லது. கிட்டாரின் சுத்தமான ஒலி அப்போதுதான் அதற்குக் கிடைக்கும்.

பேஸ் கிட்டாரின் பிடிவாதம்

பேஸ் கிட்டார் கனத்த குரல் உடையது. அமெரிக்காவைச் சேர்ந்த லியோ பெண்டர் 1951-ல் வெளியிட்ட எலக்ட்ரிக் பேஸ், இசை உலகையே மாற்றியது.

சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 82 தடவை அதிரும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 தடவைதான் அதிரும். சரி பாதி! ஐந்து தந்தி உள்ள பேஸ் என்றால், கடைசித் தந்தி சுமார் 31 தடவைதான்.

இவ்வளவு தாழ்ந்த அதிர்வைச் சில மலிவான கிளிப்புகளால் புரிந்துகொள்ள முடிவது இல்லை. முள் அங்கும் இங்கும் அலைபாயும். ஒயர் மூலம் பார்க்கும் பெடல் இங்கே கைகொடுக்கும்.

கிளிப் மட்டும் வைத்திருக்கும் பேஸ் வாத்தியக்காரர்களுக்கு ஒரு யுக்தி உண்டு. தந்தியை 12-வது கட்டையின் நேர் மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்துவிட வேண்டும். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே மணிபோல ஒலிக்கும். கிளிப்புக்குச் சுலபமாகப் புரியும்.

தந்தி அறுவது ஏன்?

புதிதாகக் கற்றுக்கொள்வோர் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. டியூனர் "ஈ" என்று காட்டினால் போதும் என்று முறுக்கிக்கொண்டே போவார்கள். கீழ் ஸ்தாயி ஈ-யும் உண்டு. மேல் ஸ்தாயி ஈ-யும் உண்டு. பல டியூனர்கள் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும்!

தந்தி தாங்குமா? "படார்" என்று அறுந்துவிடும். மர கிட்டாரில் இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அறுந்த தந்தி கண்ணில் பட்டால் ஆபத்து. முறுக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

முறுக்க முறுக்க மீட்டிப் பார்க்க வேண்டும். சுருதி ஏறிவிட்டால், சற்றுத் தளர்த்திவிட்டு, கீழே இருந்து மேலே ஏற்றிச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் சுருதி நிலைத்து நிற்கும்.

இன்னொன்று. கிளிப்பில் உள்ள பொத்தானில் கை பட்டு, 440 என்பது 435 என்று மாறி இருக்கலாம். அப்போது உங்கள் கிட்டார் தனியாக ஒலிக்கையில் சரியாகவே தோன்றும். குழுவோடு சேர்ந்தால்தான் வண்டவாளம் வெளியாகும்! ஒவ்வொரு தடவையும் 440 இருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோர்களே, ஜாக்கிரதை!

கிளிப் டியூனர் சிறு பொருள்தான். ஆனால் அதனுள்ளே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது.

பல கிளிப்புகளில் நாணயம்போல் வட்டமான லித்தியம் பாட்டரி இருக்கும். சுமார் 20 மில்லிமீட்டர் அகலம். கைக்குழந்தை அதை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மின்சாரம் பாயும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே உலை வைக்கும்.

இப்படிப் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டதால்தான், இத்தகைய பாட்டரிகள் உள்ள பொருள்களின் மூடியைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு சட்டம் இயற்றினார்கள்.

ஆகவே, மூடிக்குத் திருகாணி உள்ள கிளிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அல்லது, மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். பழைய பாட்டரியை மேஜை மேல் போட்டு வைக்காதீர்கள். சக்தி தீர்ந்த பாட்டரியும் ஆபத்தானதே!

குழந்தை விழுங்கி இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. "எக்ஸ்-ரே" எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

யாருக்கு எது?

வீட்டில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கிளிப் போதும். அதுவும் உடனே வேண்டும் என்பது இல்லை. செல்போனில் இலவசமாகவே டியூனர் கிடைக்கிறது. அமைதியான அறையில் அது நன்றாக வேலை செய்யும். மின்விசிறி சத்தமும் டெலிவிஷன் சத்தமும் சேர்ந்தால்தான் திணறும்.

மர கிட்டாரை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் போகிறவர்களுக்கும் கிளிப்பே ஏற்றது.

மேடையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கும், பேஸ் வாசிப்பவர்களுக்கும் பெடல் வேண்டும். டிரம்ஸ் முழங்கும் மேடையில் கிட்டாரின் மரமே அதிரும். அந்த அதிர்வில் கிளிப் குழம்பக்கூடும். பெடலுக்கு அந்தத் தொல்லை குறைவு.

தொழிலாகவே வாசிப்பவர்கள் இரண்டையும் வைத்திருப்பது நல்லது. பெடலுக்கு மின்சாரம் நின்றால், பையில் உள்ள கிளிப் மானத்தைக் காப்பாற்றும்.

"விலை அதிகம் என்றால் சுருதி அதிகச் சுத்தமாக இருக்குமா?" என்று கேட்கலாம். அரை சுரத்தை 100 பங்காக வகுத்து, ஒரு பங்கை ஒரு "சென்ட்" என்கிறார்கள். சாதாரணக் காதுக்கு 5 சென்ட்டுக்குக் குறைந்த வித்தியாசம் எளிதில் தெரியாது. நல்ல கிளிப்போ ஒரு சென்ட் அளவுக்குச் சரியாகக் காட்டும். கற்றுக்கொள்பவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

காதுதான் குரு

கருவி எதுவானாலும், காதைப் பழக்க மறக்கக் கூடாது.

ஒரு தந்தி வினாடிக்கு 110 தடவையும், இன்னொன்று 112 தடவையும் அதிர்ந்தால், இரண்டும் சேரும்போது வினாடிக்கு இரண்டு தடவை "வவ்... வவ்..." என்று அலை எழும். சுருதி நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகும். ஒன்று சேர்ந்ததும் அடங்கிவிடும். இதைக் கேட்கப் பழகியவருக்குப் பாட்டரி தீர்ந்தாலும் கவலை இல்லை.

தினமும் முதலில் காதால் சேருங்கள். பிறகு டியூனரைப் பாருங்கள். எவ்வளவு தப்பு என்று அது சொல்லும். நாளாக நாளாகத் தப்பு குறையும்.

அன்று நியூயார்க் மேடையில் ரவிசங்கருக்குக் கிளிப்பும் இல்லை, பெடலும் இல்லை. காது இருந்தது!