பிள்ளைகளின் உள்ளமும் புதிர் விளையாட்டும்

பசி வந்தால் பிள்ளை பசிக்கிறது என்று சொல்லும். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கும். காலில் முள் தைத்தால் தைத்த இடத்தைத் தொட்டுக் காட்டி அழும். நெஞ்சிலே முள் தைத்தால் அது எந்த இடத்தைத் தொட்டுக் காட்டும்? என்ன பெயர் சொல்லி அழும்? இதனை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. மரங்களின் பெயரையும் பறவைகளின் பெயரையும் நிறங்களின் பெயரையும் பிள்ளைக்குச் சலியாது கற்பிக்கின்ற நாம், அதன் உள்ளத்தில் நாள்தோறும் தோன்றி மறையும் உணர்ச்சிகளின் பெயரைக் கற்பிக்க மறந்துவிடுகின்றோம்.

எமக்கு நன்கு அறிமுகமான வீடொன்றில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கின்றான். அவனுடைய தந்தையார் தொழிலின் பொருட்டுக் கடல் கடந்து சென்று ஓராண்டுக்கு மேலாகின்றது. வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் அவர் தொலைபேசியில் அழைப்பார். தாயார் பேசுவார், தமக்கை பேசுவாள், சிறுவன் மட்டும் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு அசையாது நிற்பான். ஏனென்று கேட்டால், “நான் அப்பாவோடை கோபம்” என்பான். பிடிவாதக்காரன் என்று வீட்டார் ஏசிப் பார்த்தனர். இனிப்பு வாங்கித் தருவதாக ஆசை காட்டியும் பார்த்தனர். எதுவும் பலிக்கவில்லை.

ஒருநாள் இரவு மின்சாரம் தடைப்பட்டுவிட்டது. பிள்ளைகளை முற்றத்திற் பாய் விரித்து இருத்திக்கொண்டு அம்மம்மா நொடி சொல்லத் தொடங்கினார். கிணறு, தேங்காய், விளக்குமாறு என்று வழக்கமான நொடிகள் எல்லாம் வந்து போயின. பின்பு அவர், “தண்ணீர் குடித்தாலும் தீராத தாகம், போனவர் வந்தால்தான் தீரும். அது என்ன?” என்று கேட்டார். தமக்கை சற்றே யோசித்து, “ஏக்கம்” என்றாள்.

“ஏக்கம் எண்டால் என்ன?” என்று கேட்டான் சிறுவன்.

“ஒராளைக் காணவேணும், காணவேணும் எண்டு நெஞ்சு கிடந்து தவிக்கிறது, ராசா.”

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். அடுத்த நொடியும் அதற்கடுத்த நொடியும் சொல்லி முடிந்த பிறகு, “அம்மம்மா, எனக்கிருக்கிறது கோபமில்லை. அதுதான்” என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனாகவே ஓடிவந்து தொலைபேசியை வாங்கினான். “அப்பா, எனக்கு ஏக்கமாயிருக்கு” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். அழுது முடிந்ததும் பாடசாலைக் கதைகளை எல்லாம் ஒன்றுவிடாமற் பேசினான். ஓராண்டுக் காலம் அவனுடைய நாவைக் கட்டி வைத்திருந்தது ஒரு சொல்லின் குறையே. கையில் இருந்த ஒரே சொல்லான கோபத்தைக் கொண்டு அவன் தன் துயரத்தை எல்லாம் சொல்ல முயன்றிருக்கின்றான்.

புதிர் ஏன் உதவுகின்றது?

“உனக்கு என்ன வருத்தம், சொல்” என்று பிள்ளையை நேரே கேட்டால் அது விசாரணையாகிவிடுகின்றது. பிள்ளை விடை தெரியாமல் விழிக்கும். அல்லது நாம் விரும்பும் விடையைச் சொல்லித் தப்பிக்கொள்ளும். நொடியோ யாரோ ஒருவனைப் பற்றியது. அதனை அவிழ்ப்பது விளையாட்டு. அந்த யாரோ ஒருவனிடத்திலே பிள்ளை தன்னைத் தானே கண்டுகொள்ளலாம், காணாமலும் விடலாம். எவரும் வற்புறுத்துவதில்லை. கண்டுபிடித்த சொல்லும் பிறர் ஊட்டியதாக இராமல் அதன் சொந்த முயற்சியின் பயனாக அமைவதால் எளிதில் மறப்பதில்லை.

உணர்ச்சிக்குப் பெயரிடுதல் வீண்வேலை அன்று என்பதற்கு அறிவியலும் சான்று தருகின்றது. ஜூடி டன் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, மூன்று வயதில் வீட்டாருடன் உணர்ச்சிகளைப் பற்றி மிகுதியாகப் பேசிப் பழகிய பிள்ளைகள் ஆறு வயதிலே பிறருடைய உள்ளத்தை நன்றாக அறியக் கூடியவர்களாக இருந்தனர் என்று கூறுகின்றது. லொஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ லீபர்மன் குழுவினர் 2007இல் வளர்ந்தோரிடையே நடத்திய ஆய்வும் கருதத்தக்கது. சினமும் அச்சமும் தோன்றும் முகப்படங்களைக் கண்டு அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தெரிந்தெடுத்தபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி தணிந்ததை அவர்கள் கண்டனர். ‘மனத்தில் உள்ளதைச் சொன்னால் பாரம் குறையும்’ என்று எமது ஆச்சிமார் சொல்லி வந்ததும் இதுவே அன்றோ!

தொல்காப்பியர் காட்டும் வழி

இத்துறையில் தமிழருக்குத் தொன்மையான வழிகாட்டி ஒன்று உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் இருக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பொருளதிகாரத்தை உரையுடன் 1885ஆம் ஆண்டில் அச்சேற்றினார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகள் அங்கே பெயர் பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நந்நான்காக 32 காரணங்களும் சொல்லப்படுகின்றன. நொடியைக் குறிக்கும் ‘பிசி’ என்பதும் அதே நூலின் செய்யுளியலில் இலக்கணம் பெற்றிருக்கின்றது.

மருட்கை என்பது வியப்பு. புதியது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது என்னும் நான்கும் வியப்பைத் தரும் என்பது அந்நூலின் கருத்து. முதன்முறை யானையைக் காணும் பிள்ளையையும், சர்க்கரைத் துணுக்கை இழுத்துச் செல்லும் எறும்பைக் குனிந்து பார்க்கும் பிள்ளையையும், மயிர்க்கொட்டி வண்ணத்துப்பூச்சியானது கண்டு வாய் பிளக்கும் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். உவகைக்குரிய காரணங்களுள் ஒன்றாக விளையாட்டையும் அந்நூல் வைத்திருப்பது மனங்கொள்ளத்தக்கது.

மெய்ப்பாடு என்ற சொல்லின் பொருளே உள்ளத்து உணர்ச்சி உடம்பிலே புலப்படுதல் என்பதாகும். ஆகவே உடம்பிலே தோன்றும் குறி, அதனை எழுப்பிய காரணம், அதற்குரிய பெயர் என மூன்று இழைகள் எமக்குக் கிடைக்கின்றன. இவற்றுள் இரண்டைச் சொல்லி மூன்றாவதைக் கேட்டால் அதுவே புதிர்.

வீட்டிலே செய்யத்தக்கவை

நான்கு அல்லது ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம் என்னும் நான்கு சொற்களே தொடக்கத்துக்குப் போதும். பழைய மட்டைகளை வெட்டி, ஒரு பகுதியில் முகங்களையும் மறுபகுதியிற் காரணங்களையும் வரைந்து சோடி சேர்க்கச் செய்யலாம். உடைந்த பம்பரம் எந்த முகத்துக்குரியது? இருளிற் குரைக்கும் நாய் எந்த முகத்துக்குரியது? ஒரே மட்டையைப் பிள்ளைகள் வெவ்வேறு முகங்களோடு சேர்த்தால் திருத்த வேண்டாம். ஒருவருக்கு அச்சம் தருவது மற்றவருக்கு மகிழ்ச்சி தரலாம் என்பதும் கற்க வேண்டிய பாடமே.

ஆறு முதல் எட்டு வயது வரையுள்ளோர் மொழியில் உள்ள உடற்குறிகளை விரும்புவர். முகம் வாடுகிறது, வயிறு எரிகிறது, தலை குனிகிறது, நெஞ்சு பதறுகிறது, மனம் கனக்கிறது என்றெல்லாம் நாம் சொல்கின்றோம். இவை ஒவ்வொன்றும் எந்த உணர்ச்சியைக் குறிக்கும் என்று கேளுங்கள்.

எழுத்து மாற்றுப் புதிரும் சுவையானது. ‘மூன்றெழுத்துத் தீக்குணம், நடுவெழுத்தை மாற்றினால் நற்குணம்’ என்று கேட்டால் பிள்ளைகள் கொப்பியும் பென்சிலுமாக முயன்று, பொறாமை பொறுமை ஆவதைக் கண்டுபிடிப்பர். பொறாமை என்பது பொறுத்தல் இயலாமை என்று அப்பொழுதே விளக்கலாம். பிறர் நலத்தைப் பொறுக்க மாட்டாத மனத்துக்கு எமது மொழி வைத்த பெயரிலேயே அதற்குரிய மருந்தும் இருக்கின்றது.

ஒன்பது வயதுக்கு மேற்பட்டோருக்குக் குறுக்கெழுத்துப் போட்டி பொருந்தும். லிவர்பூலிற் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசெம்பர் 21ஆம் நாள் நியூ யோர்க் வேர்ல்ட் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வெளியிட்ட வைர வடிவப் புதிரிலிருந்து வளர்ந்தது இவ்விளையாட்டு. தமிழிலே உயிர்மெய் எழுத்துக்கு ஒரு கட்டமும் புள்ளியெழுத்துக்கு ஒரு கட்டமுமாக அமைக்க வேண்டும். அடிமட்டத்தால் கட்டங்கள் வரைந்து, மேலிருந்து கீழாக ‘வெட்கம்’ என நான்கு கட்டங்களில் எழுதுங்கள். அதன் மூன்றாம் எழுத்தாகிய ‘க’வில் தொடங்கி இடமிருந்து வலமாகக் ‘கவலை’ செல்லும். அதன் கடைசி எழுத்தாகிய ‘ம்’மில் வந்து ‘கோபம்’ முடியும். இவ்வாறு வளர்த்துக்கொண்டு போகலாம். குறிப்புகளைப் பிள்ளைகளே எழுதுவது மிக நன்று. பயத்துக்கும் தயக்கத்துக்கும், பெருமைக்கும் செருக்குக்கும் உள்ள வேறுபாடு குறிப்பெழுத முயலும்போதுதான் தெளிவாகும்.

இவ்வேறுபாடுகள் சொல்லழகுக்காக மட்டும் வேண்டப்படுவன அல்ல. புதியவரைக் கண்டு ஒதுங்குவது கூச்சம். தன் தவறு வெளிப்பட்டபோது தலை குனிவது வெட்கம். பிறர் வேண்டுமென்றே தாழ்த்தும்போது உண்டாகும் நோவு அவமானம். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் பிள்ளை, தனக்கு ஒருவர் இழைத்த தீங்கையும் தன்னுடைய குற்றம் என்றே எண்ணி மறைக்கக் கூடும்.

நாம் செய்த பிழை

இவ்விளையாட்டில் நாமும் ஒருமுறை தவறினோம். உறவினர் பிள்ளைகள் கூடியிருந்த ஒருநாள், சொற்கள் எழுதிய மட்டைகளைக் கவிழ்த்து வைத்து, எடுத்த சொல் தனக்கு எப்பொழுது நேர்ந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என விதித்தோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ‘அவமானம்’ என்ற மட்டை கிடைத்தது. அவன் அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். வகுப்பிலே உரத்து வாசிக்கும்போது சொல் திக்கியதற்காக அந்த வாரம் முழுவதும் மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கின்றனர் என்பதைப் பின்னரே அறிந்தோம். கதவைத் தட்ட வேண்டிய இடத்தில் நாம் கதவை உடைத்துவிட்டோம்.

அன்று முதல் நாம் சில விதிகளைக் கைக்கொள்கின்றோம். புதிர் எப்பொழுதும் ‘ஒருவன்’, ‘ஒருத்தி’ என்றே இருத்தல் வேண்டும். “அது நீதானே?” என்று கேட்கலாகாது. பிள்ளை தானாகச் சொன்னால் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். சொன்னதைப் பிறர் முன் எடுத்துக் கூறி நகைக்கக் கூடாது. உணர்ச்சியைச் சொன்னதற்காக ஏசுதல் தகாது. தம்பிமீது கோபம் என்று சொல்ல இடங்கொடுப்போம். தம்பியை அடிக்க இடங்கொடோம். பெரியவர்களும் தம் முறை வரும்போது, “இன்றைக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது” என்று மனந்திறந்து சொல்ல வேண்டும். தந்தையின் வாயில் ஒருபோதும் கேளாத சொல்லை மகன் எங்ஙனம் பேசுவான்? பல வாரங்களாக உண்ணாமலும் உறங்காமலும் ஒதுங்கியிருக்கும் பிள்ளைக்கு மட்டும் விளையாட்டுப் போதாது. வைத்தியரின் ஆலோசனையை நாடுவதே முறை.

இனி, இன்றைய மாலைக்கு ஆறு நொடிகள்:

1. ஊதி அணைக்க முடியாத நெருப்பு. மூட்டியவனையே முதலிற் சுடும்.

2. தம்பிக்குக் கிடைத்தது பட்டம். என் வயிற்றிலே பற்றியது தீ.

3. விருந்தாளி வந்தார் முன்னாலே. நான் நின்றேன் அம்மாவின் பின்னாலே. பகையுமில்லை, பயமுமில்லை.

4. நாளைக்குக் கடற்கரை என்றார்கள், இரவெல்லாம் உறக்கமில்லை. விடியக் கொட்டியது மழை, பயணமில்லை. இரவில் இருந்தது என்ன? விடியலில் வந்தது என்ன?

5. அடித்தவன் நான், அழுதவன் அவன். அவன் உறங்கிவிட்டான், நான் உறங்கவில்லை.

6. தந்தவர் போய்விட்டார், தந்த பண்டமும் முடிந்துவிட்டது. நெஞ்சில் உள்ளது மட்டும் தேயவில்லை.

முன்னர்க் கூறிய ஏழு வயதுச் சிறுவன் இப்பொழுது தானே நொடி புனைகின்றான். சென்ற வெள்ளிக்கிழமை தந்தையாரிடம், “பேசத் தொடங்கினால் இனிக்கும், பேசி முடிந்தால் கனக்கும். அது என்ன?” என்று கேட்டானாம். அவருக்கு விடை தெரியவில்லை. கேட்டவனுக்கும் தெரியாது. இருவருமாக ஒவ்வொரு வாரமும் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். உங்கள் வீட்டிலும் இன்றிரவு விளக்கைச் சற்றுக் குறைத்து, பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து அச்சொல்லைத் தேடிப் பாருங்கள்.

விடைகள்: 1. கோபம். 2. பொறாமை. 3. கூச்சம். 4. ஆவல், ஏமாற்றம். 5. கழிவிரக்கம். 6. நன்றி.