காற்றை நம்பிய படகும் பேட்டரியை நம்பும் படகும்

சிதம்பரம் கோபுரங்கள் ஒரு காலத்தில் கடலோடிகளுக்கும் துணை நின்றன. தட்டையான இந்தக் கடலூர்க் கரையில் தொலைவிலிருந்து கண்ணுக்குப் படும் உயரம் வேறு எதற்கும் கிடையாது. பரங்கிப்பேட்டை நோக்கி வந்த ஐரோப்பியக் கப்பல்களின் வழிகாட்டி நூல்களிலும் அவை அடையாளமாகக் குறிக்கப்பட்டிருந்தன. பகலில் கோபுரம், இரவில் விண்மீன், பிறகு கலங்கரை விளக்கம். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் கட்டுமரம் தள்ளியவர்களிடம் மின்சாரம் என்று எதுவும் இல்லை. கயிற்றால் பிணைத்த மரங்கள், துடுப்பு, பாய், வலை, இருட்டுக்கு ஓர் அரிக்கேன் விளக்கு. பழுதாக ஒயர் இல்லை, தீப்பற்ற எண்ணெய்த் தொட்டி இல்லை.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காற்று திடீரென்று மாறினால் கரைக்குத் தகவல் சொல்ல வழியில்லை. கரையில் புயல் எச்சரிக்கை ஒலித்தாலும் அது கடலுக்குள் போய்ச் சேராது. போனவர் திரும்பும்வரை குடும்பம் காத்துக்கிடந்தது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பேட்டரி படகேறியது. அது வரவேண்டியதுதான். ஆனால் அதோடு சேர்ந்து வரவேண்டிய இரண்டு சிறு பொருள்கள், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சும் மின்னோட்டம் மிஞ்சினால் உருகி ஒயரைக் காக்கும் பியூஸும், பல படகுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

மாற்றம் படிப்படியாக நடந்தது. 1950களுக்குப் பின் தமிழகக் கரையில் விசைப்படகுகள் பெருகத் தொடங்கின. சிறிய டீசல் எஞ்சினைக் கையால் சுழற்றியே கிளப்பிவிடலாம், பேட்டரி தேவைப்படாது. லாரி எஞ்சின்கள் படகில் ஏறியபோது, அவற்றைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் கனமான பேட்டரிகளும் கூடவே ஏறின. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி இந்தக் கரையின் கட்டுமரங்களை வாரிக்கொண்டு போனது. நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. கட்டுமரத்தில் தொழில் செய்த பலர் அப்போதுதான் எஞ்சின் படகுக்கு மாறினார்கள்.

பிறகு கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன: ஜிபிஎஸ், ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ சவுண்டர், விஎச்எஃப் வயர்லெஸ், எல்இடி விளக்குகள், செல்போன் சார்ஜர், நீர் இறைக்கும் பம்பு. 2017 ஒக்கிப் புயலில் தென்கோடிக் கடலுக்குப் போனவர்களுக்குச் செய்தி சொல்ல முடியாமல் தவித்த தவிப்பு, ஆழ்கடலுக்கு எப்படிச் செய்தி அனுப்புவது என்ற கேள்வியை நாடு முழுவதும் எழுப்பியது. 2024 ஆகஸ்ட் 30 அன்று, கடலோர மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக மொத்தம் 13 இடங்களில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர்களை இலவசமாகப் பொருத்தும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. செல்போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி போகும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தின் படகும் சிதம்பரத்தை ஒட்டிய முடசலோடையின் படகும் கரையோடு பேசலாம். நெஞ்சு நிறைகிற முன்னேற்றம் இது. ஆனால் படகில் ஏற்றும் எந்தக் கருவியானாலும் பேட்டரி ஒயரில் ஒரு ஷார்ட் ஏற்பட்டால் ஊமையாகிவிடும் ஆபத்து உண்டு.

ஒவ்வொரு கருவியும் வரும்போது யாரோ ஒருவர் பேட்டரி டெர்மினலில் இன்னும் இரண்டு ஒயர்களை முறுக்கிவிட்டுப் போகிறார். பியூஸ் போனால், கையில் கிடைத்த செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ சுற்றிவிடும் பழக்கம் கரையில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கடலில் அந்தப் பழக்கம் உயிரோடு விளையாடுவதாகும். 12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று நினைப்பார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் பெரிய பேட்டரி ஒன்றின் இரண்டு முனைகளும் நேராக இணைந்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேல் பாயும். ஒயர் சில நொடிகளில் பழுத்துவிடும். பக்கத்தில் டீசல், அடியில் மரம் அல்லது ஃபைபர். எல்லாமே எரியக்கூடியவை.

பியூஸ் தேர்ந்தெடுக்கும் முதல் விதி: அது காப்பாற்றுவது ஒயரை. கருவியின் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 12 வோல்ட்டில் 24 வாட் விளக்கு 2 ஆம்பியர் இழுக்கும். அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், ஒயர் தாங்கும் அளவுக்குள்ளும் பியூஸ் இருக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 15, 4-க்கு 20 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. தட்டைப் பியூஸ்களில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அடிக்கடி பியூஸ் போகிறதென்று சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையைச் செருகினால், அடுத்த முறை உருகப்போவது ஒயர்.

இரண்டாவது விதி இடம் பற்றியது. பியூஸ் கேபினில் இருந்தால் பேட்டரிக்கும் கேபினுக்கும் இடைப்பட்ட ஒயருக்குக் காவல் இல்லை. அமெரிக்கப் படகுத் தரக்குழுவான ஏபிஒய்சி, பொதுவாகப் பேட்டரி போன்ற மின்மூலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ் இருக்கச் சொல்கிறது. சிறு ஒயர்களை டெர்மினலில் குவிக்காமல், பேட்டரிக்கு அருகில் ஒரு பெரிய பியூஸ் வைத்து ஒரே தடித்த ஒயரைக் கேபினுக்குக் கொண்டுபோய், அங்கே பியூஸ் பெட்டியில் பிரித்துக்கொள்வதே முறை. பெரும் ஷார்ட்டை உடையாமல் துண்டிக்கும் திறனும் பியூஸுக்குப் பியூஸ் மாறும். சாதாரண தட்டைப் பியூஸ் சுமார் 1,000 ஆம்பியர் வரைதான் தாங்கும். பேட்டரி முனையிலேயே திருகும் எம்ஆர்பிஎஃப் வகை 10,000 வரை தாங்கும். லித்தியம் பேட்டரி வாங்குகிறவர்கள் கிளாஸ் டி (Class T) வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் கொட்டும் மின்னோட்டம் அவ்வளவு பெரியது.

கட்-ஆஃப் சுவிட்சுக்கு வருவோம். செல்ஃப் போடும் அந்தச் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். சுவிட்சின் மேல், தொடர்ந்து தாங்கும் அளவு, கிளப்பும்போது தாங்கும் அளவு என இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் எஞ்சினின் தேவை இரண்டுக்கும் உள்ளே அடங்க வேண்டும். எஞ்சின் அறையில் தீ என்றால் உள்ளே நுழையாமல் கை எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும் என்பதால், பொறி தெறிக்கக்கூடிய சுவிட்சைப் பேட்டரிக்கு நேர்மேலே வைக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அணைக்கவும் கூடாது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் எரிந்துபோகும். நீர் இறைக்கும் தானியங்கிப் பம்பை மட்டும் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனிப் பியூஸோடு இணைக்க வேண்டும். ஆள் இல்லாமல் உப்பனாற்றில் கட்டிக்கிடக்கும் இரவிலும் அது வேலை செய்ய வேண்டுமே!

எஞ்சின் லாரியிலிருந்து வந்ததால் ஒயரிங் பழக்கமும் லாரியிலிருந்தே வந்துவிடுகிறது. லாரியில் நெகட்டிவ் இரும்புச் சட்டத்தின் வழியே பேட்டரிக்குத் திரும்பும். ஃபைபரிலும் மரத்திலும் அப்படி ஒரு வழி கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர்கள் பேட்டரி வரை போக வேண்டும். இரும்புப் படகிலும் உடலை நெகட்டிவாகப் பயன்படுத்தக் கூடாது. உப்புநீரில் கசியும் மின்னோட்டம் தண்டையும் காற்றாடியையும் (புரொப்பெல்லர்) இரும்புத் தகட்டையும் மெல்ல அரித்துவிடும். வெறும் செம்பு உப்புக்காற்றில் பச்சை பூத்து இற்றுப்போவதால், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரே கடலுக்கு ஏற்றது.

பல லட்சம் ரூபாய்ப் படகில் இந்தச் செலவு மிகச் சிறியது. காலமும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை பின்னுவதும் வண்ணம் பூசுவதும் எஞ்சின் பழுது பார்ப்பதும் நடக்கின்றன. மீன்வளத் துறையினர் வந்து படகுகளை ஆய்வு செய்கிறார்கள். அந்த ஆய்வுப் பட்டியலில் கட்-ஆஃப் சுவிட்ச், பேட்டரி பியூஸ் என இரண்டு வரிகள் கூடுதலாகச் சேரட்டும். டிரான்ஸ்பாண்டர் பொருத்த வருகிறவர் அதற்குரிய பியூஸையும் பொருத்தி, மாற்றுப் பியூஸ் நான்கைப் படகோட்டியின் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு கிராமத்திலும் படகு ஒயரிங் தெரிந்த ஓர் இளைஞர் உருவாக மீன்வளத் துறையும் ஐடிஐகளும் வழி செய்யட்டும். வரும் தடைக்காலத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.