சாயங்காலம் வரைக்கும்தான்

அண்ணன் மகள் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "சித்தப்பா, அந்த நாள்ல திருவிருந்து எடுக்கக் கூடாதுன்னு ஆச்சி சொல்றாங்க. வேதத்திலேயே இருக்காம். அப்போ மாசத்துல ஏழு நாள் நான் பாவியா?"

வேதத்தில் இருப்பது உண்மைதான், லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தில். ஆனால் அதை முதல் வசனத்திலிருந்து படிக்க வேண்டும். அங்கே முதலில் வருவது ஆண்கள். உடலில் கசிவுள்ள ஆண், விந்து வெளிப்பட்ட ஆண், பிறகு கூடிப் படுத்த கணவனும் மனைவியும். அந்த இருவரும் குளிக்க வேண்டும், சாயங்காலம் வரை தீட்டு. அதற்குப் பிறகுதான் மாதவிலக்கு வருகிறது. அதற்கு ஏழு நாள். அவளை வீட்டைவிட்டு வெளியே உட்கார வை என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. தீட்டோடு இருப்பவர் கடவுளின் கூடாரத்துக்குப் போகக் கூடாது, பலியின் இறைச்சியைச் சாப்பிடக் கூடாது. கட்டுப்பாடு முக்கியமாக அவ்வளவுதான்.

பாவம் வேறு, தீட்டு வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி வந்துவிடலாம். செத்த தகப்பனைத் தூக்கி அடக்கம் செய்த மகனுக்கு ஏழு நாள் தீட்டு. சிவப்புக் கிடாரியைச் சுட்டெரித்த சாம்பல் கலந்த தண்ணீரை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அவன்மேல் தெளிக்க வேண்டும் என்கிறது எண்ணாகமம் 19. தகப்பனை அடக்கம் செய்வது பாவமா? செய்யாமல் விடுவதல்லவா பாவம்! பிள்ளைப்பேறும் அப்படித்தான். ஆண் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்து ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், இல்லாதவள் இரண்டு பறவைகள் கொண்டுவரலாம். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் மரியாள் எருசலேமுக்குக் கொண்டுவந்தது அந்த ஏழையின் காணிக்கையைத்தான். இயேசுவைப் பெற்றெடுத்ததில் மரியாளிடம் என்ன பாவம் இருந்தது?

"ஆனா அந்தப் பறவையில ஒண்ணு பாவநிவாரண பலின்னுதானே போட்டிருக்கு?" என்றாள். நன்றாகக் கவனித்திருக்கிறாள். அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த யூத ரபி ஜேக்கப் மில்க்ரோம், லேவியராகமத்துக்கு மூன்று பெரிய தொகுதிகளில் உரை எழுதியவர். அந்த எபிரெயச் சொல்லைச் 'சுத்திகரிப்புப் பலி' என்று பெயர்ப்பதே சரி என்று அவர் வாதாடினார். பிள்ளை பெற்றவளும் நோய் நீங்கியவனும்கூட அதே பலியைக் கொண்டுவருவதால் எனக்கும் அதுதான் பொருந்துகிறது.

பாவத்தால் வரும் கறையும் உண்டு. கொலை, விக்கிரகம், முறைகெட்ட உறவு எல்லாம் தேசத்தையே கெடுக்கும் என்று அந்த நூல்களே சொல்கின்றன. அந்தக் கறை குளித்தால் போகாது.

அப்படியானால் இந்தத் தீட்டெல்லாம் எதற்கு? அந்தக் காலத்துச் சுகாதாரம் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருப்பாய். எனக்கு அது ஒத்துவரவில்லை. லேவியராகமம் 13இல் ஒரு வசனம் வருகிறது. தோல் நோய் தலை முதல் கால் வரை பரவி உடம்பு முழுக்க வெளுத்துவிட்டால் அவன் சுத்தமானவனாம்! 14இல் சுவரில் நோய்க்கறை வந்த வீட்டைப் பற்றிய சட்டம். ஆசாரியன் பார்க்க வருமுன் சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்கிறது, அவன் வந்து தீட்டு என்று சொல்லிவிட்டால் அவையும் தீட்டாகிவிடுமே என்று. தொற்றுக்குப் பயந்தவர்கள் அப்படிச் செய்வார்களா? துணிக்கும் சுவருக்கும்கூட வருகிற அந்த நோயைக் குஷ்டம் என்று நாம் படித்துப் பழகியதால், இன்றைய தொழுநோயாளிகள் எவ்வளவு பழி சுமந்துவிட்டார்கள்!

மில்க்ரோம் சொன்ன காரணம் வேறு. பிணம், உயிர் கசிந்துபோவதுபோல வெளியேறும் இரத்தமும் விந்தும், பிணத்தைப்போலத் தோன்றும் தோல், இவை எல்லாவற்றிலும் சாவின் சாயல் இருக்கிறது. மிரியாமின் தோல் வெளுத்தபோது, இவள் செத்துப் பிறந்த பிள்ளையைப்போல ஆகிவிட வேண்டாம் என்று ஆரோன் கெஞ்சுவதைப் பார். உயிரின் ஊற்றான கடவுள் குடியிருக்கும் இடத்துக்குச் சாவைத் தொட்ட கையோடு போகாதே என்பதுதான் சட்டம். உணவுச் சட்டங்களை இப்போது விட்டுவிடுகிறேன், அது தனிக்கதை.

இதை மக்கள் எவ்வளவு ஆழமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை மண்ணைத் தோண்டினவர்கள் கண்டிருக்கிறார்கள். எருசலேமிலும் சுற்றுப்புறத்திலும் படி வைத்து இறங்கும் முழுக்குத் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கானா ஊர்க் கல்யாணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்ததற்கும் காரணம் இதுதான். மண்பாத்திரம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும், கல்லுக்குத் தீட்டுப் பிடிக்காது.

இயேசு இந்தச் சட்டத்தைக் கேலி செய்தவர் அல்ல. சுகமான குஷ்டரோகியை, ஆசாரியனிடம் உன்னைக் காட்டு, மோசே சொன்ன காணிக்கையைக் கொடு என்றே அனுப்புகிறார். யூத மதம் பெண்களை அடக்கியது, இயேசு வந்து உடைத்தார் என்று எளிதாகப் பேசுவது அந்த மக்களுக்கு நாம் செய்யும் அநியாயம். மாற்கு 5இல் நடப்பது அதைவிடப் பெரியது. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள பெண் அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவளிடமிருந்து தீட்டு அவருக்குப் போனதாக மாற்கு எழுதவில்லை. அவரிடமிருந்து வல்லமை புறப்பட்டு அவளுக்குப் போனது என்று எழுதுகிறார். ஓட்டம் திசை மாறிவிட்டது. அவளை 'மகளே' என்கிறார். அடுத்து யவீருவின் வீட்டில் செத்துக் கிடந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடிக்கிறார், பிள்ளை எழுந்திருக்கிறாள்.

பிறகு சபையே இதை மறந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியு, மாதவிலக்கான பெண்கள் திருவிருந்துக்கு வரக் கூடாது என்று எழுதினார். அதே நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த 'திதஸ்காலியா' என்ற சபை ஒழுங்கு நூல், அந்த ஏழு நாளும் பரிசுத்த ஆவி உங்களை விட்டுப் போய்விடுகிறாரா என்று பெண்களிடம் திருப்பிக் கேட்டது. நான் திதஸ்காலியாவின் பக்கம்.

நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. மொழிபெயர்த்தவர்கள் 'தீட்டு' என்று எழுதியபோது, அந்தச் சொல்லோடு நம் ஊர்க் கிணறும் சேரியும் கூடவே உள்ளே வந்துவிட்டன. லேவியராகமத்தில் யாரும் பிறப்பாலே தீட்டில்லை. பிரதான ஆசாரியன் வீட்டிலும் வரும், கூலிக்காரன் வீட்டிலும் வரும், நாள் கழிந்து குளித்தால் போகும். யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில் பேதுரு கண்ட தரிசனத்துக்கு அவரே சொன்ன அர்த்தம், எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது என்பது. அந்தத் தரிசனத்தைப் படித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் எழுப்பியவர்களை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

டீ ஆறிவிட்டது. "அப்போ ஆச்சி சொல்றது தப்பா?" என்று கேட்டாள்.

ஆச்சி கடவுள் முன்னால் போகும்போது சும்மா போகக் கூடாது என்று நினைக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்ததும் லேவியராகமம்தான், அதை நீ சிரித்துத் தள்ளாதே. சண்டை போடவும் வேண்டாம். மாற்கு 5ஐ அவளுக்கு வாசித்துக் காட்டு, கண் சரியாகத் தெரியாமல் அவள் படித்தே நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பந்திக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் வா.