பழைய மோட்டார் சைக்கிள் இடறுவது ஏன்?

பால் சீவும் தொழிலாளிக்கு விடியற்காலை விலைமதிப்பற்ற நேரமாகும். வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஒழுகுவது குறைந்துவிடும். அவ்வேளையில் வண்டி வழியில் நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் குறைகிறது. பேராக் மாநிலத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆயினும் பழைய ஹோண்டா 'கப்சாய்' வண்டிகளைக் கைவிடாதோர் நம்மிடையே உள்ளனர்.

1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த இவ்வகை வண்டியைப் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ நம் நாட்டில் விற்பனை செய்தார். 2017ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. பாயிண்ட் பொருத்திய பழைய சி-70 வண்டியில் தோன்றும் 'மிஸ்ஸிங்' கோளாற்றைக் கண்டறியும் முறையை இங்கு விளக்குகிறோம்.

பொறி உண்டாகும் விதம்

இயந்திரம் சுழலும்போது பாயிண்ட் திறக்கிறது. அக்கணமே காயிலில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கிறது. பொறி தவறினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று, அங்கே 'டப்' என்று வெடிக்கிறது. வண்டியும் குலுங்குகிறது.

முதலில் பிளக்

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருப்பின் நன்று. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறி பலவீனம் எனலாம். எண்ணெய்ப் பசை இருந்தால் இயந்திரத்தினுள் தேய்மானம் உண்டு. புதிய பிளக் அதனைத் தீர்க்காது. முனைகளின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும்.

பின்னர் பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் மீது அழுந்த வைத்து, ஸ்டார்ட்டரை உதையுங்கள். வலுவான நீலப் பொறி தோன்றவேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். ஆதலால் பிளக்கைத் துளைக்கு அப்பால் வையுங்கள். வெறுங்கையால் பிளக்கைத் தொடாதீர்கள்.

மழையும் வயரும்

தைப்பிங் போன்ற மழை மிகுந்த வட்டாரங்களில், மழை நாளில் மட்டும் வண்டி இடறினால் பிளக் வயரையும் தொப்பியையும் சோதியுங்கள். இருட்டில் இயந்திரத்தை ஓடவிட்டால், வெடித்த வயரிலிருந்து நீலப் பொறி கசிவது கண்ணுக்குத் தெரியும். வேலைக்குப் புறப்படும் விடியற்காலை இருளே இதற்கு ஏற்ற நேரம்.

பாயிண்ட், கண்டென்சர், காயில்

பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். அதனை மாற்றினால் பொறி எழும் நேரமும் மாறிவிடும். ஆகவே சக்கரத்திலுள்ள 'எஃப்' குறியுடன் ஒத்துப் பார்ப்பது அவசியம். பழகாதவர்கள் பட்டறையில் விடுவது நலம். பாயிண்டில் பெரும் பொறி பறந்து முகம் கருகினால் கண்டென்சர் பழுதாகியிருக்கலாம். குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்பி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் காயில் அல்லது கண்டென்சர் மீது ஐயம் கொள்ளலாம்.

சோக் இழுத்ததும் வண்டி சீராக ஓடினால் குறை பெரும்பாலும் பெட்ரோல் வழியில்தான் இருக்கும், பொறியில் இராது.

பழுதை அறியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் பணம் செலவாகும், கோளாறு நிற்காது. பிளக், வயர், பாயிண்ட், கண்டென்சர், காயில் என்னும் வரிசையில் பொறுமையுடன் சோதித்துப் பார்த்தபின் கடைக்குச் செல்வோமாக. உழைத்து ஈட்டிய பணத்தைக் காக்க அதுவே சிறந்த வழியாகும்.